பால்வினைத் தொற்றும் மூட்டு வீக்கமும்

இருபத்தைந்து முப்பது வயதுள்ள, நேற்றுவரை ஓடியாடித் திரிந்த ஓர் ஆண்பிள்ளைக்கு, அடிபடாமலும் சுளுக்காமலும் ஒரு முழங்கால் திடீரென்று வீங்கி, தொட்டால் சுட்டு, மாடிப்படி ஏற முடியாத நிலைமை ஏற்படுமானால், அவனும் அவனைச் சேர்ந்தவர்களும் அதற்குக் காரணம் தேடும் இடங்கள் பல. வாயு என்பார்கள், வெறுந்தரையில் படுத்த குளிர்ச்சி என்பார்கள், ரத்தத்தில் உப்பு மிகுந்துவிட்டது என்பார்கள், நம் ஊர்களில் இப்போதெல்லாம் எடுத்த எடுப்பில் சிக்குன்குனியா என்றும் சொல்லிவிடுகிறார்கள். மூன்று வாரங்களுக்கு முன் சிறுநீர் கழிக்கையில் இரண்டொரு நாள் எரிச்சல் கண்டு தானாகவே அடங்கிப்போன சங்கதி அவன் நினைவுக்கே வருவதில்லை. வந்தாலும் காலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒதுக்கிவிடுவான், அல்லது சம்பந்தம் இருக்குமோ என்ற சந்தேகம் தட்டிய மாத்திரத்தில் வாயை இறுக மூடிக்கொள்வான். இவ்விரண்டுக்கும் மெய்யாகவே சம்பந்தம் உண்டென்பதும், அந்தச் சம்பந்தம் இன்னதென்று நிர்ணயிக்க வைத்திய சாஸ்திரம் இருநூறு ஆண்டுகளாகப் பாடுபட்டும் வழக்கு முற்றும் தீர்ந்தபாடில்லை என்பதுமே இங்கே விசாரிக்க எடுத்துக்கொண்ட விஷயம்.

வைத்தியர்கள் இதனை எதிர்வினை மூட்டழற்சி என்று வழங்குகிறார்கள். மருந்துச் சீட்டில் 'ரியாக்டிவ் ஆர்த்ரிடிஸ்' என்று எழுதுவார்கள். குடலிலோ ஜனனேந்திரிய மார்க்கத்திலோ ஒரு கிருமி புகுந்து, ஒன்று முதல் நான்கு வாரங்கள் சென்றபின், அந்தக் கிருமியின் அடையாளமே இல்லாததுபோல் தோன்றும் மூட்டுகளில் அழற்சி எழுவதுதான் இதன் லட்சணம். வீங்கிய முழங்காலிலிருந்து ஊசியால் நீரை எடுத்துச் சோதனைச்சாலையில் வளர்த்துப் பார்த்தால் ஒன்றும் முளைப்பதில்லை. வெட்டை நோய்க் கிருமி ரத்தத்தோடு ஓடி மூட்டுக்குள்ளேயே குடிபுகுந்து சீழ் வைப்பதும் உண்டு. ஆனால் அது வேறு வியாதி, அதன் அவசரமும் வேறு. சில நாட்களில் மூட்டையே அரித்துவிடக்கூடிய அந்த வியாதி இல்லை என்று தீர்மானித்துக்கொள்வதற்காகவே மூட்டு நீரை எடுத்துப் பார்க்காமல் இருக்கலாகாது.

இந்த நோயின் நடையைச் சற்றுக் கிட்ட நின்று பார்த்தால், அதற்கென்று ஒரு தனிப் போக்கு இருப்பது தெரியும். சாதாரணமாக வயது வந்தோருக்கு வரும் முடக்குவாதம் இரு கைகளின் சிறு மூட்டுகளையும் சமமாகப் பற்றுவது வழக்கமாயிருக்க, இது பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேயே, அதுவும் ஒருபக்கம் சாய்ந்து, ஒரு முழங்கால், மறுபுறத்துக் கணுக்கால், ஏதாவது ஒரு கால்விரல் என்று ஒழுங்கின்றிப் பற்றும். அந்த விரலைக் கவனித்தால், ஒரு கணு மட்டும் வீங்காமல், அடியிலிருந்து நுனிவரை விரல் முழுவதுமே உருண்டு திரண்டு சிவந்திருக்கும்; பாதரட்சைக்குள் நுழையாது. காலையில் எழுந்து முதல் அடி எடுத்து வைக்கும்போது குதிகாலின் அடியிலோ, பின்புறத்துத் தசைநாண் எலும்பில் வந்து ஒட்டும் இடத்திலோ சுரீரென்று வலி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து அடி நடந்த பிறகே மட்டுப்படும். தசைநாண் எலும்போடு சேரும் அவ்விடத்தைத் தேடிப் போய்ப் பற்றுவது இந்த வர்க்கத்து நோய்களுக்கே உரிய குணம். கைதேர்ந்த வைத்தியர் முழங்காலைப் பார்க்குமுன் குதிகாலை அழுத்திப் பார்ப்பது அதனால்தான். சிலருக்கு இடுப்பின் அடியில், புட்டத்தின் மேற்புறத்தில், இரவின் பிற்பகுதியில் வலி கண்டு தூக்கத்தைக் கலைக்கும். படுத்திருந்தால் அதிகரித்து, எழுந்து உலாவினால் குறையும்.

மூட்டுக்கு அப்பாலும் இதற்குக் கிளைகள் உண்டு. கண் சிவந்து பீளை கட்டும். சிலருக்குக் கண்ணின் உட்பகுதியே அழற்சியுற்று, வெளிச்சம் கூசிப் பார்வை மங்கும், அதை அலட்சியம் செய்தால் கண்ணுக்கே ஆபத்து. ஆண்குறியின் முனையில் வலியே இல்லாத சிவந்த வட்டத் திட்டுகள் தோன்றலாம். உள்ளங்காலில் பொருக்குத் தட்டிக் கொப்புளமாகிச் சொரியாஸிஸ் போலவே காட்சியளிக்கலாம். வாயில் வலியற்ற புண் வந்து நோயாளி அறியாமலே ஆறிவிடலாம். சிறுநீர்க் குழாய், கண், மூட்டு ஆகிய மூன்றும் ஒருசேரக் கண்டால்தான் இந்த நோய் என்று முன்பு பாடம் சொல்லிவைத்தார்கள். அப்படி மூன்றும் கூடி வருவது சிறுபான்மையோருக்கே என்பதும், பாடத்தை நம்பிக் காத்திருந்த வைத்தியர்கள் பெரும்பான்மையோரைக் கோட்டைவிட்டார்கள் என்பதும் பின்னால் தெரியவந்தன.

இந்த மூன்றையும் முதன்முதலில் ஒன்றாக முடிந்து வைத்தவர்களில் குறிப்பிடத்தக்கவர், பிற்காலத்தில் ராயல் ஸொஸைட்டியின் தலைவராக விளங்கிய லண்டன் ரணசிகிச்சை நிபுணர் ஸர் பெஞ்சமின் பிராடி. மூட்டு வியாதிகளைப் பற்றி 1818-ல் அவர் வெளியிட்ட நூலில், சிறுநீர்க் குழாயில் ஒழுக்கும் கண்ணில் அழற்சியும் கண்டு அதன்பின் மூட்டுகள் வீங்கிய நோயாளிகளை நிதானமாக வர்ணித்திருக்கிறார். கிருமிகளே நோய்க்குக் காரணமாகும் என்பது அக்காலத்தில் வைத்தியர்களுக்குத் தெரியாது; கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதிவைத்ததோடு அவர் நிறுத்திக்கொண்டார். ஆயினும் நோய்க்கு அவர் பெயர் வாய்க்கவில்லை. நூறு ஆண்டுகள் கழித்து, முதல் உலக யுத்தத்தில், 1916-ல், பால்கன் போர்முனையில் ரத்தக்கடுப்பு கண்டு தேறிய ஒரு ஜெர்மானிய லெப்டினண்டுக்குச் சில நாட்களில் மூத்திர எரிச்சலும் கண் சிவப்பும் மூட்டு வீக்கமும் அடுத்தடுத்து வந்ததை ஹான்ஸ் ரைட்டர் என்ற ராணுவ வைத்தியர் எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில் எதிர்த் தரப்பில், ஸோம் பகுதியில் பரவிய சீதபேதியை ஆராய்ந்த பியெஸேஞ்சர், லெர்வா என்ற பிரெஞ்சு வைத்தியர்களும் இதே கோலத்தைக் கண்டு எழுதினார்கள். ரைட்டர் அதற்குக் கற்பித்த காரணமோ முற்றிலும் பிழை; மேகக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த சுருள் கிருமி ஒன்றே இதற்கு மூலம் என்று அவர் சாதித்தார். அப்படியிருந்தும், 1942-ல் பாஸ்டன் நகரத்து வைத்தியர்களான பௌயரும் எங்கிள்மனும் எழுதிய கட்டுரையின் மூலம் ரைட்டரின் பெயரே ஆங்கில வைத்திய உலகில் நிலைபெற்றுவிட்டது.

அந்தப் பெயர் பின்னர் அடைந்த கதியையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. ரைட்டர் ஹிட்லரின் பக்தராகி, 1933 முதல் ஜெர்மனியின் அரசாங்க ஆரோக்கிய இலாகாவுக்குத் தலைவராக இருந்தவர். புச்சென்வால்ட் சிறைமுகாமில் கைதிகள்மீது டைபஸ் காய்ச்சல் தடுப்பு மருந்தைச் சோதித்த கொடுமையோடு சம்பந்தப்பட்டவர். யுத்தம் முடிந்தபின் சிலகாலம் காவலில் வைக்கப்பட்டு, விடுதலையாகி, 1969-ல் முதுமையில் இறந்தார். நோய்க்கு அவர் பெயர் வழங்கலாகாது என்ற கிளர்ச்சி 1970-களிலேயே எழுந்தது. தாம் அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சூட்டிய பெயரைத் தாமே வாபஸ் வாங்கிக்கொள்வதாக 2007-ல் வெளியான அறிக்கையில், தொண்ணூறு வயதைக் கடந்த எங்கிள்மனும் கையெழுத்திட்டார். காரணமும் பிழை, முதலில் கண்டவர் என்பதும் பிழை, ஆள்தான் இப்படிப்பட்டவர் என்று ஆனபிறகும் அப்பெயர் பழைய பாடப் புத்தகங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது, வைத்திய உலகில் பழக்கத்துக்கு உள்ள பலத்தைக் காட்டுகிறது.

பெயர் நிற்க, தொற்றுக்கு ஆளானவர் அனைவருக்கும் மூட்டு வீங்காமல் வெகு சிலருக்கு மட்டும் வீங்குவானேன் என்ற கேள்விக்கு வருவோம். இதற்கான சாட்சியத்தில் பெரும்பகுதி குடல் தொற்றிலிருந்தே கிடைத்திருக்கிறது. ஏனெனில் படைவீரர்களுக்குள் சீதபேதி பரவினால் எத்தனை பேர் படுத்தார்கள் என்று கணக்கு இருக்கும், பால்வினைத் தொற்றுக்கோ கணக்குக் கொடுப்பவர் எவருமில்லை. 1944-ல் பின்லாந்தில், கரேலியப் பகுதியில் பரவிய சீதபேதியை அடுத்து இந்த மூட்டு நோய் கண்ட 344 பேரைப் பாரோனென் என்ற வைத்தியர் பரிசோதித்து 1948-ல் நூலாக எழுதினார்; சீதபேதி கண்டவர்களின் தொகையோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம். அமெரிக்கக் கடற்படையின் 'லிட்டில் ராக்' என்ற போர்க்கப்பலில் 1962-ல் நடந்தது இதைவிடத் தெளிவு. கப்பலில் இருந்த 1,276 பேரில் 602 பேருக்குச் சீதபேதி கண்டது. ஒரே கப்பல், ஒரே சமயம், ஒரே கிருமி. மூட்டு நோய் வந்ததோ 9 பேருக்கு. பல ஆண்டுகள் சென்றபின் அவர்களில் ஐவரைத் தேடிப் பிடித்து ரத்தத்தைச் சோதித்தபோது, நால்வரிடம் எச்.எல்.ஏ. பி-27 என்ற பரம்பரை அடையாளம் இருந்தது 1976-ல் வெளியாயிற்று.

அந்த அடையாளத்தின் முக்கியத்துவம் அதற்குள் புலப்பட்டிருந்தது. லண்டனில் பிரூவர்ட்டன் குழுவினர் 1973-ல் இந்நோயாளிகள் 33 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் 25 பேரிடம் அது இருக்கக் கண்டார்கள்; பொது ஜனங்களிடையே அது நூற்றுக்குச் சிலரிடமே காணப்படுவது. உடலின் பெரும்பாலான உயிரணுக்களின் மேற்பரப்பில் நின்று, உள்ளே இருக்கும் புரதத் துணுக்குகளை ரத்தத்தின் காவற்படைக்கு எடுத்துக் காட்டும் மூலக்கூறுகளில் இதுவும் ஒன்று. கிருமியின் துணுக்கும் உடலின் சொந்தத் துணுக்கும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் காவற்படை ஏமாந்து சொந்த மூட்டையே தாக்குகிறது என்பது ஒரு கட்சி; பி-27 மூலக்கூறு உயிரணுவுக்குள் சரியாக மடிந்து உருப்பெறாமல் தேங்குவதே அழற்சியைக் கிளப்புகிறது என்பது மற்றொரு கட்சி. எந்தக் கட்சிக்கும் இதுவரை முழு வெற்றி இல்லை. விறகு காய்ந்திருக்கிற காரணத்தாலேயே தீப்பற்றுவதில்லை என்பதுபோல், பி-27 உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் மூட்டு நோயின்றி இருக்கிறார்கள். அது இல்லாதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. ஆகையால், நோய் நிர்ணயத்துக்கென்று அந்தச் சோதனைக்குப் பணத்தைச் செலவிடுவதைவிட, நோயாளியிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுவதில் பிரயோஜனம் அதிகம் என்றே சொல்லவேண்டும்.

பால்வினை வழியாக இதை உண்டாக்கும் கிருமிகளில் பிரதானமானது கிளமிடியா டிரக்கோமாட்டிஸ். கண்ணிமையின் உட்புறத்தில் மணல்மணலாகப் புண்ணாக்கிப் பார்வையைப் பறிக்கும் டிரக்கோமா நோயின் கிருமியும் இதே இனந்தான். ஹால்பர்ஸ்டேட்டர், புரோவாஸெக் என்ற இரு விஞ்ஞானிகள் ஜாவாத் தீவில் 1907-ல் உராங்குட்டான் குரங்குகளிடம் சோதனை செய்து முதலில் இதன் உருவை உயிரணுக்களுக்குள் கண்டார்கள். பெய்ஜிங்கில் டாங் ஃபெய்ஃபான் 1957-ல் கோழிமுட்டைக் கருவில் இதை வளர்த்துக் காட்டிய பின்னும், இது முழுக் கிருமியா, அணுக்கிருமியான வைரஸா என்ற சந்தேகம் உடனே நீங்கவில்லை. வெளியில் தனித்து வாழ இயலாமல் மனித உயிரணுவுக்குள் புகுந்தே பெருகும் இயல்புடையதால், இது சாதாரணக் கிருமி வளர்ப்புச் சோதனையில் அகப்படாது. ஆண்களில் கணிசமானவர்களுக்கு இது எரிச்சலையும் தருவதில்லை, ஒழுக்கையும் தருவதில்லை. பெண்களிடம் இன்னும் ஓசையின்றித் தங்கும். பெண்களுக்கு இந்த மூட்டு நோய் அபூர்வம் என்று புத்தகங்கள் சொல்லிவந்ததற்கு, அவர்களிடம் மூலத் தொற்று கண்ணுக்குத் தெரியாமல் போனதும் ஒரு காரணமாயிருக்க வேண்டும்.

மூட்டில் கிருமி இல்லை, உடலின் எதிர்வினை மட்டுமே இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் 1969-ல் பின்லாந்து வைத்தியர்கள் இன்றைய பெயரைச் சூட்டினார்கள். இந்த எண்ணத்துக்கு முதல் அடி 1987-ல் விழுந்தது. லண்டனில் டெய்லர்-ராபின்ஸன், கீட் முதலியோர் சில நோயாளிகளின் மூட்டுப் பொருள்களிலேயே கிளமிடியாவின் அம்சங்களை ஒளிரும் சாயத்தால் காட்டிவிட்டார்கள். பின்னர் வந்த நுட்பமான சோதனைகள், அது பிணமாகக் கிடக்கும் எச்சமல்ல, பெருகுவதை நிறுத்திவிட்டு மந்த நிலையில் உயிரோடு ஒடுங்கியிருக்கும் கிருமியே என்று காட்டின. மூட்டில் அகப்பட்டவை ஜனனேந்திரிய வகையைவிடக் கண்ணோய் வகையையே பெரும்பாலும் ஒத்திருந்தன என்ற விசித்திரமும் 2010-ல் வெளியாகிப் பண்டிதர்களை மேலும் குழப்பியது. சீதபேதிக் கிருமிகள் விஷயத்தில் இவ்வாறு உயிருள்ள கிருமி மூட்டில் இருப்பதாக நிரூபணமில்லை. ஆதலால், ஒரே பெயரின் கீழ் நாம் வைத்திருக்கும் இவை இரண்டும் உண்மையில் ஒரே வியாதிதானா என்ற ஐயம் நியாயமானதே. என் அபிப்பிராயத்தில், இரண்டையும் வேறு பிரித்துச் சிந்திப்பதே உசிதம்.

இந்த விவகாரம் வெறும் பாண்டித்தியச் சண்டையன்று. சிகிச்சை முழுவதும் இதைப் பொறுத்திருக்கிறது. கிருமி உயிரோடு இருக்கிறதென்றால் கிருமிக்கொல்லி மருந்து மூட்டையும் ஆற்றவேண்டுமல்லவா? சோதித்துப் பார்த்தார்கள். பின்லாந்தில் லைமெஸைக்ளின் என்ற மருந்தை மூன்று மாதம் கொடுத்ததில், கிளமிடியாவால் வந்த மூட்டு நோயின் காலம் குறைந்தது, மற்றக் கிருமிகளால் வந்ததற்குப் பயனில்லை என்று 1991-ல் எழுதினார்கள். ஜெர்மனியில் ஸிப்ரோஃபிளாக்ஸஸின் கொடுத்துப் பார்த்ததில் குறிப்பிடும்படியான லாபம் கிட்டவில்லை. அமெரிக்காவில் கார்ட்டர் குழுவினர் ரிஃபாம்பிஸினோடு மற்றொரு மருந்தையும் கூட்டி ஆறு மாதம் கொடுத்தபோது, நாள்பட்ட கிளமிடியா மூட்டு நோயாளிகளில் 63 சதவீதத்தினருக்குக் குணம் தெரிந்தது. வெறும் மாத்திரை உண்டவர்களில் 20 சதவீதத்தினருக்கே தெரிந்தது. சோதிக்கப்பட்டவர் தொகை சிறியது, ஆகவே 2010-ல் வந்த இந்த முடிவை இன்னும் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ரிஃபாம்பிஸின் காசநோய்க்கு முதல் வரிசை மருந்து என்பதையும், காசம் மலிந்த நம் தேசத்தில் அதைக் கண்டபடி வழங்கலாகாது என்பதையும் இதோடு சேர்த்து நினைக்கவேண்டும்.

ஆனால், மூலத் தொற்றை உடனே ஒழிப்பதன் அவசியத்தில் இரண்டாம் அபிப்பிராயம் கிடையாது. பி-27 அடையாளம் மிகுந்த கிரீன்லாந்தில், முன்பு ஒருமுறை இந்த மூட்டு நோய் கண்டவர்களுக்குப் பின்னாளில் மீண்டும் சிறுநீர்க் குழாய்த் தொற்று வந்தபோது என்ன நேர்ந்ததென்று கணக்கெடுத்தார்கள். சிகிச்சையின்றி விட்டோ பென்ஸிலின் மட்டும் கொடுத்தோ கழித்த தடவைகளில் 37 சதவீதம் மூட்டு நோயில் முடிந்தன. கிளமிடியாவைக் கொல்லவல்ல டெட்ராஸைக்ளினோ எரித்ரோமைஸினோ கொடுத்தவற்றில் 10 சதவீதமே அவ்வாறு முடிந்தன. இன்று அதற்கு வழக்கமான முறை டாக்ஸிஸைக்ளின் 100 மில்லிகிராம் மாத்திரை, வேளைக்கு ஒன்றாகத் தினம் இருவேளை, ஏழு நாள். காலையில் முதலில் வரும் சிறுநீரைச் சிறு புட்டியில் பிடித்துக் கொடுத்தால் போதும். மரபணுச் சோதனையில் கிளமிடியா அகப்பட்டுவிடும். கூடவே மேகநோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் சோதித்துக்கொள்வது கட்டாயம், எச்.ஐ.வி. உள்ளவரிடம் இந்த மூட்டு நோய் மிகக் கடுமையாக வருவதுண்டு.

மூட்டுக்கான சிகிச்சையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாப்ராக்ஸென் போன்ற அழற்சி நீக்கிகள் முதற்படி. ஒரே மூட்டு மிகவும் வீங்கியிருந்தால், சீழ் இல்லையென்று உறுதி செய்துகொண்டு மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி. மாதக்கணக்கில் நீடித்தால் ஸல்ஃபாஸலஸின் அல்லது மெதோட்ரெக்ஸேட். அதற்கும் மசியாதவர்களுக்கு விலையுயர்ந்த புதிய ஊசிகள். பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள், அதிகம் போனால் ஓராண்டுக்குள் அடங்கிவிடும். ஐந்தில் ஒருவர் அளவுக்கு நாள்பட்டுப்போவதோ மீண்டும் மீண்டும் கிளம்புவதோ உண்டு. இடையில் பொறுமையிழந்து, தெருமுனை மருந்துக் கடையில் 'மூட்டு வலிக்கு' என்று கேட்டு ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கி விழுங்குகிறவர்கள் மூலத்தையும் தேடுவதில்லை, வலியின் பாஷையையும் அழித்துவிடுகிறார்கள்.

நோயாளிக்கு உண்மையில் நேரும் கஷ்டம், மருந்து இல்லாமையால் வருவதைவிட, அவன் ஏறி இறங்கும் வாசல்களின் எண்ணிக்கையால் வருவதே அதிகம். கண் சிவந்தபோது கண் வைத்தியரிடம் போகிறான், சொட்டு மருந்து கிடைக்கிறது. முழங்காலுக்கு எலும்பு வைத்தியர், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறதென்று சொல்கிறார். உள்ளங்கால் பொருக்குக்குத் தோல் வைத்தியர், களிம்பு எழுதித் தருகிறார். ஒவ்வொருவரும் தம் பங்கைச் சரியாகவே பார்க்கிறார்கள், ஆனால் மூன்றையும் ஒரே நூலில் கோக்கும் அந்த ஒரு கேள்வியை எவரும் கேட்பதில்லை. மனைவியோ தாயோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அதைக் கேட்பதற்கு வைத்தியருக்கே கூச்சம். கௌரவத்துக்குப் பயந்தவன் கடைசியில் போய்ச் சேருவது, பத்திரிகையில் ஊர் ஊராய்த் தேதி போட்டு விளம்பரம் செய்து லாட்ஜ் அறையில் உட்கார்ந்திருக்கும் 'ரகசிய நோய்' நிபுணரிடம். அவர் எரிச்சலுக்கு லேகியம் கொடுப்பார், முழங்காலை ஏறிட்டும் பார்க்கமாட்டார்.

இத்தனைக்கும், சிறுநீர்க் குழாய் ஒழுக்குக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளின் பால்வினை நோய்ப் பிரிவில், பெயர் ஊர் வெளியாகாமல், அஸித்ரோமைஸினும் செஃபிக்ஸிமும் அடங்கிய சாம்பல் நிறப் பொட்டலத்தைப் பல ஆண்டுகளாக இலவசமாகவே கொடுத்துவருகிறார்கள். ஆகவே வாசகருக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. காரணமின்றி ஒரு கால் வீங்கினால், முந்திய ஒரு மாதத்தில் சிறுநீர் எரிச்சலோ கண் சிவப்போ வயிற்றுப்போக்கோ இருந்ததா என்று யோசித்து, இருந்திருந்தால் வைத்தியர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். துணைக்கு வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொன்னால் அதில் தவறொன்றுமில்லை. தொற்று உறுதியானால், உடன் வாழ்பவருக்கும் அதே சமயத்தில் மருந்து கொடுத்து, இருவருக்கும் மருந்து முடியும்வரை விலகியிருக்கவேண்டும். கணவன் மட்டும் மருந்து உண்டு மனைவிக்குத் தெரியாமல் மறைத்த வீட்டில், கிருமி அவனிடமே திரும்பி வரும். மூட்டும் மறுபடி வீங்கும்.